பெண்கள் வாட்டில் ஒரு பழனியாண்டி

நல்லம்மாவின் வாயிலிருந்து அவளுடைய புருஷன் பெயர் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அம்மாவும் சொன்னதில்லை, மாமியாரும் சொன்னதில்லை. இவளும் சொல்லாமலே விட்டுவிட்டாள். வீட்டில் "இந்தாங்க" என்பாள். தூரத்தில் இருந்தால் "சுகிர்தா அப்பா" என்பாள். அரசாங்கக் கந்தோர்களில் புருஷன் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பாள், யாராவது சொல்லிவிடுவார்கள். குவைத்துக்குப் போகப் பதிந்தபோது மட்டும் பக்கத்தில் ஆள் இல்லை. "பழனி மலையில இருக்கிற சாமி பேருங்க" என்று ஏஜென்டிடம் சுற்றி வளைத்துச் சொன்னாள். அவன் முருகேசன் என்று எழுதிவிட்டான். அதை வெட்டித் திருத்த இன்னொருமுறை கொழும்புக்குப் போய்வர வேண்டியிருந்தது.

குவைத்தில் எட்டு வருடம் ஒரு வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் அம்பிட்டியவில் இரண்டு அறை வீடு வந்தது. இப்போது அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி துவைத்து மடிக்கும் வேலை. புருஷன் பழனியாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவுக் காவல்காரன். மகள் சுகிர்தா கண்டி டவுனில் துணிக்கடையில் நிற்கிறாள்.

"அரபிக்காரிகிட்ட அரபியிலயே சண்டை புடிச்சுட்டு வந்த பொம்பள," என்று சுகிர்தா கேலி செய்வாள். "அப்பா பேரச் சொல்ல மட்டும் வாய் வரமாட்டேங்குது."

"நாளைக்கு உன் புருஷன் பேர நீ ரோட்டுல நின்னு கூப்புடு, நான் கேட்டேனா?" என்பாள் நல்லம்மா. விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

போன வருடம் நல்லம்மாவின் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. வலி வந்தால் துவைக்கிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒப்பரேசனுக்குப் பெயர் பதிந்து, கடைசியில் மயக்க மருந்து டொக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். டொக்டர் ஜஹானா இளம் பெண். தலையை மூடிய துணிக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

"இதுக்கு முந்தி ஏதும் ஒப்பரேசன் செஞ்சீக்கிதா அம்மா?"

"அப்பன்டிக்ஸ் ஒண்ணு செஞ்சாங்க டொக்டர். தோட்டத்துல இருந்தப்ப."

"அதுல ஏதும் கரச்சல்?"

"கரச்சல் ஒண்ணுமில்லீங்க. மயக்க ஊசி கொஞ்சம் ஒத்துக்கல. மறுநாள் வரைக்கும் எந்திரிக்கல, அவ்வளவுதான்."

டொக்டர் ஜஹானாவின் பேனா நின்றது.

"மறுநாள் வரைக்குமா? என்ன ஊசி?"

"மயக்க ஊசிங்க."

"மயக்கத்துக்கு எத்தினையோ ஊசி ஈக்கி அம்மா. எது ஒத்துக்கொள்ளல்லண்டு தெரியணுமே. டிக்கட் வெட்டுற நேரம் ஒரு கார்ட் தந்தீப்பாங்க. நோயப் பத்தி, மருந்தப் பத்தி எல்லாம் எழுதினது."

"தந்தாங்க."

"எங்க அது?"

நல்லம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "அடுப்புல போட்டுட்டேன்."

ஏஜென்டின் யோசனை அது. குவைத்துக்குப் போகுமுன் மெடிக்கல் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது கையில் இருந்தால், சீக்காளி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு வா என்றான். வயிற்றுத் தழும்பைக் கேட்டால் தகரம் கிழித்தது என்று சொல்லச் சொன்னான். தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்திலிருந்து வெளிநாடு போன எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகளின் தடுப்பூசிக் கொப்பிகளோடு சேர்த்துக் கொளுத்தியவர்கள்கூட உண்டு.

ஜஹானா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "சரி. கார்ட் போனாப் போகட்டும். அந்த ஆஸ்பத்திரியில ஒங்கட டிக்கட் ஈக்கும்."

"அது எப்படிங்க இருக்கும்? அதத்தான் வெட்டிட்டாங்களே."

இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு டிக்கட் வெட்டுவது என்று பெயர். கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளிக் காகிதக் கட்டுக்குத்தான் டிக்கட் என்பார்கள். வெட்டியாச்சு என்றால் போகலாம். நல்லம்மா இத்தனை வருடமும் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுகிற காட்சியாகவே மனதில் வைத்திருந்தாள். வெட்டிய பஸ் டிக்கட்டை யார் சேர்த்து வைப்பார்கள்?

இப்போது ஜஹானா சிரித்துவிட்டாள். "பேச்சுக்குத்தான் வெட்டுறண்டு செல்றது. அத ஒருத்தரும் வெட்டுறல்ல. கட்டி, ரெக்கோட் ரூமில வெப்பாங்க. ஒங்கட ஒடம்பப் பத்தி எழுதினது அம்மா, நீங்க போய்க் கேக்கலாம். நான் கடிதம் தாறன்." எழுதிக்கொண்டே சொன்னாள்: "அது இல்லாட்டியும் வேற வழி பாக்கலாம். ஆனா நான் இருட்டில நடக்கிற மாதிரி. ஒப்பரேசன் தள்ளிப் போகும். கல்லு அதுவரைக்கும் சும்மா ஈக்குமோ தெரியா. அடுத்த கிழமைக்குள்ள கொண்டு வரப் பாருங்க."

கடிதத்தில் ஜஹானா நிரப்பச் சொல்லியிருந்தது மூன்று விஷயம்: பெயர், வாட்டு, எந்த நாளில் வந்து படுத்தாள் என்பது. நாள்தான் தெரியவில்லை. அன்று பின்னேரம் பழனியாண்டி வேலைக்குப் புறப்படத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நல்லம்மா கேட்டாள்.

"இந்தாங்க, என்னைய என்னைக்குக் கொண்டுபோனீங்க?"

"தேரு அன்னைக்கு."

"எந்த வருசத் தேரு?"

"மழை பெஞ்ச வருசம்."

"எந்த வருசம் பேயல?" என்றாள் சுகிர்தா.

"நீ ஒரு கவுன் போட்டுக்கிட்டு அழுதியே, அந்த வருசம்."

"நான் எல்லா வருசமும் கவுன் போட்டேன், எல்லா வருசமும் அழுதேன். சரியாச் சொல்லுங்கப்பா."

பழனியாண்டி கோப்பையை வைத்தான். "புலமைப்பரிசில் சோதனைக்கு நீ படிக்கணும், அம்மா இல்லாம படிக்கமாட்டேன்னு அழுத."

அப்படித்தான் வருடம் கிடைத்தது. சுகிர்தா ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர் நாள். நல்லம்மா கோயில் கமிட்டியில் இருந்த ஒருவருக்குப் போன் போட்டு, பழைய திருவிழா நோட்டீஸைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். தேதியும் வந்துவிட்டது. சுகிர்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பழனியாண்டி இரவு முழுக்க விழித்துவிட்டு வந்து காலையில் படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டான். நல்லம்மா தனியாகவே புறப்பட்டாள். கண்டியிலிருந்து பேராதனை, அங்கே இறங்கி வேறு பஸ், பிறகு தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து மேலே. பழைய பாதைதான். ஒவ்வொரு வளைவும் வயிற்றுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி சின்னது. ரெக்கோட் ரூம் பின்பக்கத்தில், கூரை வரைக்கும் சாக்கு நூலால் கட்டிய கட்டுகளோடு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ஜயவீர. பெரிய மீசை, சின்னக் குரல். நல்லம்மா சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, கடிதத்தையும் அடையாள அட்டையையும் நீட்டினாள். அவர் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். பிறகு ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, அந்த வருடத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து தூசி தட்டினார். தேர் நாள் வந்தது. பெண்கள் வாட்டு வந்தது. அவருடைய விரல் மேலிருந்து கீழே போனது, கீழிருந்து மேலே வந்தது.

"நல்லம்மா இல்லையே."

"இருக்கணும் மாத்தியா. இங்கதான் படுத்திருந்தேன். ஜன்னலோரக் கட்டில்."

"கட்டிலைக் கேட்டால் நான் என்ன செய்ய? அடுத்த நாளும் பார்த்தேன், முந்தின நாளும் பார்த்தேன். வேறு பெயரில் பதிந்தீர்களா?"

அப்போதுதான் நல்லம்மாவுக்கு ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் கூசியது.

அன்று வலியில் சுருண்டு கிடந்தவளைத் தேருக்கு வந்த கூட்டத்திலிருந்து தூக்கி வேனில் போட்டுக் கொண்டுவந்தவன் பழனியாண்டி. பதிகிற இடத்தில் "பெயர்?" என்று கேட்டிருக்கிறார்கள். கந்தோரில் பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்லிச் சொல்லியே பழகியவன், பதற்றத்தில் அன்றும் அதையே சொல்லிவிட்டான். அவளுக்கு நினைவு தெளிந்த பிறகு தினமும் காலையில் மருந்துத் தட்டோடு வரும் மிஸ்ஸி, வாட்டு வாசலில் நின்று "பழனியாண்டி!" என்று கூப்பிடுவாள். வாட்டில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நல்லம்மா தலையைக் குனிந்தபடி கையை மட்டும் உயர்த்துவாள். திருத்தச் சொல்லலாம்தான். திருத்துவதென்றால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

"என் வீட்டுக்காரர் பேருல இருக்கும் மாத்தியா."

"அவர் பெயர் என்ன?"

நல்லம்மா பக்கத்தில் பார்த்தாள். கட்டுகள்தான் இருந்தன.

அவள் போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. சுகிர்தாவுக்கு அடித்தாள். கடையில் போனை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிதத்தின் ஓரத்தில் தமிழில் எழுதிக் காட்டினாள். ஜயவீர அதைத் திருப்பிப் பார்த்தார், நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாயால் சொல்லுங்களேன்."

"சாமி பேரு மாத்தியா. கதிர்காமத்துச் சாமி."

"கந்தசாமியா?"

"இல்ல."

"வேலாயுதம்?"

"இல்ல, அந்தச் சாமிதான், ஆனா வேற பேரு."

ஜயவீர கண்ணாடியைக் கழற்றினார். "அம்மே, இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குச் சாமி பேர்தான். உங்கள் புருஷன் பேர் உங்களுக்குத் தெரியாதா?"

ஏணியில் ஏறி இறங்கிய மனிதர் வியர்த்துப்போய் நின்றார். நல்லம்மா கையில் கடிதம் இருந்தது. அடுத்த கிழமை ஒப்பரேசன் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. வயிற்றில் கல் இருந்தது. குவைத்தில் ஒருதரம், பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது, தெருவில் ஓடிப் போலீஸ்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்தவள் அவள். அதெல்லாம் கஷ்டமாகவே இருக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பாதி மூடிக்கொண்டாள்.

"பழனியாண்டி," என்றாள்.

சொன்னதும் யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ஜயவீரவின் விரல் மறுபடி இறங்கியது, பாதியில் நின்றது. அவர் மீசைக்குள் சிரித்தார். "பெண்கள் வாட்டில் ஒரு பழனியாண்டி. இத்தனை வருடம் இந்தப் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறார், நான் பார்க்கவில்லையே." இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே போனவர், வர நேரமெடுத்தது. வந்தபோது கையில் மடங்கிப் பழுப்பேறிய ஒரு கட்டு. வெட்டுப்படாமல், முழுதாக. "இது நீங்கள்தான் என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பது?" என்றவர், முதல் பக்கத்தைப் பார்த்ததும் தானே பதிலைக் கண்டுபிடித்தார். நோயாளியின் பெயர் பழனியாண்டி, பெண். கூட வந்த உறவினர், கணவன். பெயர், நல்லம்மா.

"நல்லம்மா என்று ஒரு கணவன்," என்றார் ஜயவீர. "உங்கள் வீட்டுக்காரர் இரண்டு பெயரையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இடம்தான் மாறிப்போயிருக்கிறது." மேலே போய்ப் பெரிய டொக்டரிடம் கையெழுத்து வாங்கி, எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்து, முத்திரை குத்தி, பெயர் மாறிய விஷயத்தையும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். நல்லம்மா கும்பிட்டாள். "போங்க அம்மே, பஸ் போகப் போகிறது," என்றார் அவர்.

அடுத்த நாள் ஜஹானா அந்தக் காகிதங்களை வாசிக்கும்போது நல்லம்மா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தாவும் பக்கத்தில் நின்றாள்.

"கெடச்சிச்சு," என்றாள் ஜஹானா. "சக்ஸமெத்தோனியம் எண்டு ஒரு மருந்து. மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போடுறத்துக்காக ஒடம்பத் தளர வெக்கிறது. மத்தவங்களுக்குக் கொஞ்ச நேரத்தில கரஞ்சு போகும். சில பேர்ட ரத்தத்துக்கு அத ஒடைக்கத் தெரியா. அப்ப நெஞ்சும் அசையா, மூச்சும் வரா." பக்கத்தைப் புரட்டினாள். "அங்க இருந்த ஒரே மூச்சு மெஷின ஒரு பிள்ளைக்குப் போட்டீக்காங்க. அதனால ஒங்களுக்குக் கையால மூச்சுக் குடுத்தீக்காங்க."

"கையாலன்னா?"

ஜஹானா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பந்தை அமுக்கி விடுவதுபோல் காட்டினாள். "ஒரு பை ஈக்கி. இப்பிடி அமத்தணும், விடணும். ராவு முழுக்க. களைச்சா அடுத்த ஆள். இங்க பாருங்க, ஒவ்வொரு ஆளும் மாறுற நேரம் கையெழுத்து. டொக்டர் ஒராள், மிஸ்ஸிமார் மூணு பேர், ஒரு அட்டென்டன்ட்."

நல்லம்மா அந்தக் கையெழுத்துகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அமத்தும்போது எண்ணுவாங்களா டொக்டர்?"

"எண்ணித்தான் அமத்துவாங்க. வேகமாப் போனாலும் பிழை, மெதுவாப் போனாலும் பிழை."

"சிங்களத்துலயா?"

"அங்க உள்ளவங்க சிங்களத்திலதான் எண்ணியிருப்பாங்க. ஏன் அம்மா?"

அவளுக்கு ஒரு கனவு இருந்தது. அந்த ஒப்பரேசனுக்குப் பிறகு புருஷனிடம் மட்டும் சொன்னாள். இருட்டில் கிடக்கிறாள், விரலைக்கூட அசைக்க முடியவில்லை, தலைக்கு மேலே யாரோ நிறுத்தாமல் எண்ணுகிறார்கள்: எக்காய், தெக்காய், துனாய். திரும்பவும் எக்காய், தெக்காய், துனாய். ஒரு குரல் ஓய்ந்தால் இன்னொரு குரல். பழனியாண்டி அதைக் கேட்டுவிட்டு, "கொழுந்து நிறுக்கிறத நெனச்சுக்கிட்டே படுத்திருப்ப" என்றான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் குவைத்தில் தூக்கம் வராமல் கிடக்கும்போதெல்லாம் அந்தக் குரல்களை நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடினாள். ஏனென்று அவளுக்கே தெரியாது.

அதைச் சொல்லி முடித்தபோது அழுதுவிட்டாள். சுகிர்தா அம்மாவின் முதுகில் கை வைத்தாள். ஜஹானா தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

"இனி இந்த மருந்து ஒங்களுக்கு ஒருநாளும் போடக் கூடா," என்றாள் பிறகு. சட்டைப்பைக்குள் வைக்கிற அளவு ஒரு அட்டையில் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தாள். "அதுக்குப் பதிலா வேற மருந்து ஈக்கி, பயப்படத் தேவல்ல. இது குடும்பத்தில வாறது. மகளுக்கும் ரத்தம் பாக்கோணும். ஒங்களுக்குக் கூடப்பொறந்தவங்க ஈக்காங்களா?"

"தம்பி ஒருத்தன். மடுல்கெல்லையில."

"அவருக்கும் செல்லுங்க. கார்ட அடுப்பில போட வாணாண்டும் செல்லுங்க."

வீட்டுக்குப் போகிற வழியில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரஸீன் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் ஏறினார்கள். நல்லம்மா கண்ணாடித்தாள் பக்கங்கள் வைத்த ஒரு ஃபைல் வாங்கினாள். பழைய டிக்கட்டின் பிரதி முதலில், பிறகு ஸ்கேன், ஈசிஜி, பிறகு ரத்தச் சோதனைகள், வருடத்தின் வரிசையில். பின்னால் கிளினிக் கொப்பி.

"தங்கச்சி, எல்லாத்தையும் லெமினேட் பண்ணித் தரவா?" என்றார் ரஸீன் நானா. "தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகா."

"வேணாம் நானா. டொக்டரம்மா சொன்னாங்க, இந்த ஈசிஜிய மெஷினுக்குள்ள வுட்டா சூட்டுல கறுத்துப் போயிருமாம்."

"அதுவும் சரிதான். என்ட கலியாணப் பதிவ லெமினேட் பண்ணினேன், இப்ப மாத்தவும் ஏலா, மடிக்கவும் ஏலா." கதிரையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்ததும், அவர் அவசரமாக அடுத்த ஆளின் காகிதத்தை வாங்கினார்.

ஒப்பரேசனுக்குப் படுக்கப் போன அன்று பழனியாண்டியும் வந்தான். பதிகிற இடத்தில் "பெயர்?" என்றதும் அவன் வாயைத் திறந்தான். நல்லம்மா அவனுடைய கையில் ஒரு தட்டுத் தட்டி, "நீங்க சும்மா இருங்க" என்று தன் பெயரைத் தானே சொன்னாள். ஒப்பரேசன் தியேட்டரில் ஜஹானா முகமூடியை வைத்து, பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாள். நல்லம்மா எக்காய், தெக்காய் என்று தொடங்கினாள். துனாய்க்குப் பிறகு அவளுக்கு ஞாபகமில்லை. கண் விழித்தபோது பின்னேர வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. பழனியாண்டி ஃபைலை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தான். டிக்கட் வெட்டிய நாளில் அவள் மிஸ்ஸியிடம் டிக்கட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அந்த வருடத் தேருக்கு மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். நல்லம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கு?" என்றார் ஐயர்.

சுகிர்தா ஃபைலைத் திறந்து ஐந்து பேரையும் வாசித்தாள். "திஸாநாயக்க. சந்திரலதா. குணசீலி. மாலனி. சோமாவதி."

ஐயர் தட்டைப் பிடித்தபடி நின்றார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி," என்றாள் நல்லம்மா. "எனக்காக மூச்சு விட்டவங்க. எல்லா நட்சத்திரத்துக்கும் சேத்துப் பண்ணுங்க."

அவர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக, கொஞ்சம் தடுக்கித் தடுக்கி, அம்மனுக்குச் சொன்னார். பிறகு திரும்பினார். "உங்க குடும்பத்துக்கு? தலைவர் பேரு?"

பழனியாண்டி வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். அதற்குள் நல்லம்மா சொல்லிவிட்டாள், இந்தமுறை சேலைத் தலைப்பு இல்லாமல். அவன் திடுக்கிட்டு, யாரோ வாட்டு வாசலில் நின்று கூப்பிட்டதுபோல், கையை உயர்த்தினான்.